இஞ்சு டேப்பிலிருந்து தொடங்குங்கள்: காவலர், தீயணைப்பாளர் வேலைக்குப் புதிதாகத் தயாராகிறவர்களுக்கு

"அண்ணா, கார்ப்பரேஷன்ல போலீஸ் வேலைக்கு எப்போ ஆள் எடுப்பாங்க?" பள்ளி முடித்த யாராவது ஒருவர் எங்கள் கிரவுண்டுக்கு வந்து வருடா வருடம் இப்படிக் கேட்கிறார். கேள்வியிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. முதலில் அதைத் தீர்த்துவிடுவோம்.

நம் நாட்டில் காவல்துறை மாநில அரசின் பொறுப்பு. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலில் அது வருகிறது. அதனால் தமிழ்நாட்டில் எந்த மாநகராட்சியும் நகராட்சியும் தனியாகக் காவலர்களைத் தேர்ந்தெடுப்பதில்லை. சென்னை மாநகரக் காவல், கோவை மாநகரக் காவல் என்று பெயரில் 'மாநகர' இருந்தாலும் அவை தமிழ்நாடு காவல்துறையின் பகுதிகள்தான். தீயணைப்பு கொஞ்சம் வேறு மாதிரி. மும்பையில் தீயணைப்புப் படையை மாநகராட்சியே நடத்துகிறது. இங்கே அது தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. மாநில அரசின் கீழ் இயங்குகிறது.

ஆக, தட்ட வேண்டிய கதவு ஒன்றே ஒன்று: தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். 1991-ல் அமைக்கப்பட்ட இந்த வாரியம்தான் இரண்டாம் நிலைக் காவலர், இரண்டாம் நிலைச் சிறைக் காவலர், தீயணைப்பாளர் என மூன்று பணிகளுக்கும் சேர்த்து 'பொதுத் தேர்வு' நடத்துகிறது. ஒரே விண்ணப்பம், ஒரே எழுத்துத் தேர்வு, ஒரே கிரவுண்டு (உடல்திறன் தேர்வை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்). 2023-ல் 3,359 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. சம்பள விகிதம் ரூ.18,200 - 67,100. படிகள் தனி.

எட்டு வருடமாக விடியற்காலையில் பிள்ளைகளை ஓட வைத்துக்கொண்டிருக்கிறேன். நன்றாகப் படித்தும் நன்றாக ஓடியும் வெளியே போனவர்களில் பாதிப் பேர், முதல் நாளே பார்த்திருக்க வேண்டிய ஒன்றைப் பார்க்காததால்தான் போனார்கள். அதனால் புத்தகம் வாங்குவதற்கு முன்னால், பயிற்சி மையத்தில் பணம் கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

முதல் படி: உயரத்தையும் மார்பளவையும் எடுங்கள்

ஆண்களுக்கு உயரம் குறைந்தது 170 செ.மீ. எஸ்.சி., எஸ்.சி. (அருந்ததியர்), எஸ்.டி. பிரிவினருக்கு 167 செ.மீ. பெண்களுக்கு 159 செ.மீ.; மேற்சொன்ன பிரிவுப் பெண்களுக்கு 157 செ.மீ. ஆண்களுக்கு மார்பளவும் உண்டு: சாதாரணமாக 81 செ.மீ., மூச்சை இழுத்து விரித்தால் இன்னும் 5 செ.மீ. கூட வேண்டும்.

வீட்டில் அளக்கும்போது செருப்பைக் கழற்றுங்கள். குதிகால், முதுகு, பின்தலை மூன்றும் சுவரைத் தொட வேண்டும். பார்வை நேராக இருக்கட்டும். தாடையைத் தூக்கினால் அளவு தவறிவிடும். தலை மேல் ஒரு தடித்த புத்தகத்தைச் சுவரோடு ஒட்டிவைத்து, அதன் அடிவிளிம்பில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். ஒரு முறை காலையில் எழுந்ததும், இன்னொரு முறை சாயங்காலம். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரு செ.மீ. வித்தியாசம் வரும். நாள் முழுக்க நிற்கும்போதும் நடக்கும்போதும் முதுகெலும்பின் வட்டுகள் அழுந்துவதுதான் காரணம். காலையில் 170.5 இருக்கிறவருக்குச் சாயங்காலம் 169.6 வரலாம். அப்படி விளிம்பில் இருக்கிறவர்கள், அளக்கும் நாளுக்கு முந்தைய இரவு பேருந்தில் நின்றுகொண்டே பயணம் செய்யாதீர்கள். முந்தைய நாளே அந்த ஊருக்குப் போய், நன்றாகப் படுத்துத் தூங்கி எழுந்து போங்கள்.

உயரம் இரண்டு மூன்று செ.மீ. குறைவு என்றால் அதை நேராக ஏற்றுக்கொள்ளுங்கள். வளர்ச்சி நின்ற வயதில் எந்த மருந்தும் உயரத்தைக் கூட்டாது. தொங்கினால் கூடும் என்று ஒரு வருடத்தை வீணாக்கிய தம்பி ஒருவரை எனக்குத் தெரியும். இப்போது அவர் குரூப் 4 எழுதி, வருவாய்த் துறையில் நல்லபடியாக இருக்கிறார். அந்த ஒரு வருடம் மட்டும் போனது போனதுதான்.

மார்பளவு அப்படி இல்லை, அதைப் பயிற்சியால் சரிசெய்யலாம். தண்டால், நீச்சல், ஓட்டம் மூன்றும் கைகொடுக்கும். பலருக்கு 81 சுலபமாக வந்துவிடும், விரிவுதான் வராது. டேப்பைப் போட்டதும் பதற்றத்தில் மூச்சைப் பாதி பிடித்துக்கொள்வார்கள். அளக்கும்போதே நெஞ்சு விரிந்திருந்தால் அதற்கு மேல் 5 செ.மீ. எங்கிருந்து வரும்? முதல் அளவுக்கு மூச்சை இயல்பாக விட்டுவிட்டு நில்லுங்கள். 'இழு' என்றதும் வயிற்றை எக்கி, விலாவிலிருந்து இழுங்கள். தினமும் பத்து முறை டேப்போடு பழகினால் ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

வயதும் படிப்பும்

குறைந்தது 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அதிகபட்சம் பொதுப்பிரிவுக்கு 26, பி.சி., பி.சி. (முஸ்லிம்), எம்.பி.சி. பிரிவுகளுக்கு 28, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் திருநர்களுக்கும் 31. ஆதரவற்ற விதவைகளுக்கு 37. முன்னாள் ராணுவத்தினருக்கு 47. எந்தத் தேதியில் வயதைக் கணக்கிடுகிறார்கள் என்பதை அறிவிப்பில் பாருங்கள். பெரும்பாலும் அந்த வருடத்தின் ஜூலை 1.

படிப்பு பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பட்டம் வாங்கியவர்களும் இதே தேர்வைத்தான் எழுதுகிறார்கள், அதைப் பார்த்து மிரள வேண்டாம். பத்தாம் வகுப்பில் தமிழை ஒரு பாடமாகப் படித்திருக்க வேண்டும். படிக்காதவர்கள் வேலையில் சேர்ந்து இரண்டு வருடத்துக்குள் டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் தமிழ்த் தேர்வில் தேற வேண்டும்.

திருநர்கள் தயங்காமல் விண்ணப்பியுங்கள். திருநங்கையான பிரித்திகா யாஷினி 2015-ல் உயர் நீதிமன்றம் வரை போய்ப் போராடி, 2017-ல் உதவி ஆய்வாளராகப் பணியில் சேர்ந்தார். அவர் விண்ணப்பித்த காலத்தில் படிவத்தில் ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்கள்தான் இருந்தன.

இரண்டாம் படி: சான்றிதழ்களை இப்போதே தேடுங்கள்

அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் இ-சேவை மையத்தில் கூட்டம் பிதுங்கும். சாதிச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், நன்னடத்தைச் சான்று ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று எழுத்துக் கூட்டிப் பாருங்கள். பிறந்த தேதியையும் அப்படியே.

திருமணமான பெண்கள் ஒன்றைக் கவனியுங்கள். சாதிச் சான்றிதழ் உங்கள் அப்பாவின் பெயரில் இருக்க வேண்டும். கணவர் பெயரில் வாங்கியதை ஏற்க மாட்டார்கள். எங்கள் கிரவுண்டில் 400 மீட்டரை அநாயாசமாக ஓடிய ஒரு தங்கை, சான்றிதழ் சரிபார்ப்பில் இதில்தான் சிக்கினாள். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு விடியற்காலை நான்கரை மணிக்கு வந்து ஓடியவள். அந்தச் செய்தியைக் கேட்ட நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்திருந்தால் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. ஆனால் ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் அதற்கான சான்றிதழ் வாங்க வேண்டும். மூன்று பள்ளி மாறியிருந்தால் மூன்று தலைமையாசிரியர்களைப் பார்க்க வேண்டியிருக்கும். இந்த அலைச்சலுக்கு ஒரு முழு வாரம் ஒதுக்குங்கள்.

என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு மொத்தம் 6 மதிப்பெண் வரை கிடைக்கும். இன்னும் பள்ளியிலோ கல்லூரியிலோ படிக்கிறீர்கள் என்றால் இன்றைக்கே என்.சி.சி.யில் சேருங்கள்.

மூன்றாம் படி: விண்ணப்பமும் எழுத்துத் தேர்வும்

விண்ணப்பம் இணையத்தில் மட்டும்தான். கட்டணம் 250 ரூபாய். வாரியத்தின் இணையதளத்தில் நீங்களே நிரப்பினால் நல்லது. கடையில் கொடுத்து நிரப்பினாலும் 'சமர்ப்பி' அழுத்துவதற்கு முன் ஒவ்வொரு வரியையும் உங்கள் கண்ணால் படியுங்கள்.

தேர்வில் இரண்டு பகுதிகள், இரண்டுக்கும் தலா 80 நிமிடம். முதல் பகுதி தமிழ் மொழித் தகுதித் தேர்வு: 80 கேள்வி, 80 மதிப்பெண். இதில் 40 சதவீதம், அதாவது 32 எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் உங்கள் இரண்டாவது விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். இந்த மதிப்பெண் தரவரிசைக்குச் சேராது என்பதால் நிறையப் பேர் அலட்சியமாக இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படி இருக்காதீர்கள். வீட்டில் தமிழ் பேசுவது வேறு, புணர்ச்சியும் வேற்றுமையும் அணியும் தெரிவது வேறு. ஆங்கில வழியில் படித்தவர்கள் தினமும் ஒரு மணி நேரம் இதற்கு வையுங்கள்.

இரண்டாம் பகுதிதான் முதன்மைத் தேர்வு, 70 கேள்வி, 70 மதிப்பெண். அதில் பொது அறிவு 45, உளவியல் 25. பொது அறிவுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை சமச்சீர் பாடநூல்கள்தான் அடிப்படை. கெட்டி கெட்டியான கைடுகளை வாங்குவதற்கு முன் இந்தப் புத்தகங்களை இரண்டு முறை வரிவரியாகப் படியுங்கள். உளவியல் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எண் தொடர், திசை, உறவுமுறை, தகவலைப் படித்து முடிவெடுப்பது மாதிரியான கேள்விகள்தான். பழைய வினாத்தாள் இருபது போட்டால் கை பழகிவிடும். ஒவ்வொரு மாவட்டத்திலும் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு நடக்கிறது. காசில்லை என்று யாரும் வீட்டில் உட்கார வேண்டாம்.

நான்காம் படி: கிரவுண்டு

எழுத்துத் தேர்வுக்குப் பிறகு கிரவுண்டுக்கு ஓடிக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. உடம்பு பழக ஆறு மாதம் வேண்டும். படிப்பும் ஓட்டமும் ஒரே நாளில் தொடங்கட்டும்.

ஆண்களுக்கு முதலில் 1,500 மீட்டர், 7 நிமிடத்துக்குள். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடிக்குள். இதற்கு மதிப்பெண் இல்லை. தேறினால் உள்ளே, இல்லையென்றால் வெளியே.

1,500 மீட்டர் என்பது 400 மீட்டர் தடத்தில் மூன்றே முக்கால் சுற்று. கணக்குப் போட்டால் ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. ஒழுங்காகப் பழகிய யாருக்கும் இது எட்டாத வேகம் இல்லை. பிறகு ஏன் தோற்கிறார்கள்? விசில் அடித்ததும் கூட்டத்தோடு கூட்டமாகப் பாய்ந்து, முதல் சுற்றை 1.20-ல் முடித்துவிடுகிறார்கள். இரண்டாவது சுற்றில் விலா பிடித்துக்கொள்ளும், மூன்றாவதில் நடப்பார்கள். நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: முதல் சுற்றை 1.45-க்கு முன்னால் முடிக்காதே. இரண்டாவதையும் மூன்றாவதையும் அதே தாளத்தில் ஓடு. கடைசி 300 மீட்டரில் உன்னிடம் என்ன இருக்கிறதோ அத்தனையையும் கொடு. கையில் ஒரு சாதாரண வாட்ச் கட்டிக்கொண்டு, சுற்றுச் சுற்றாக நேரம் பார்த்துப் பழகுங்கள். மூன்று மாதத்தில் வாட்ச் இல்லாமலே உங்கள் கால் வேகம் சொல்லும்.

அதற்குப் பிறகு மதிப்பெண்ணுக்கான மூன்று போட்டிகள். மொத்தம் 24 மதிப்பெண். எங்கள் பேச்சில் 'ஸ்டார்'. ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டார், இரண்டு ஸ்டார் என்று இரண்டு அளவு உண்டு.

ஆண்கள்:
கயிறு ஏறுதல் – 5 மீட்டர் / 6 மீட்டர்
நீளம் தாண்டுதல் – 3.80 மீ. / 4.50 மீ. அல்லது உயரம் தாண்டுதல் – 1.20 மீ. / 1.40 மீ.
100 மீட்டர் ஓட்டம் – 15 விநாடி / 13.5 விநாடி அல்லது 400 மீட்டர் – 80 விநாடி / 70 விநாடி

பெண்கள்:
நீளம் தாண்டுதல் – 3 மீ. / 3.75 மீ.
குண்டு எறிதல் – 4.25 மீ. / 5.50 மீ. அல்லது கிரிக்கெட் பந்து எறிதல் – 17 மீ. / 24 மீ.
100 மீட்டர் – 17.5 விநாடி / 15.5 விநாடி அல்லது 200 மீட்டர் – 38 விநாடி / 33 விநாடி

இதில் கயிறுதான் பையன்களைக் கலங்க வைப்பது. புதிதாக வருகிறவன் கை பலத்தை மட்டும் நம்பி ஏறுவான். மூன்று மீட்டரில் முழங்கை நடுங்கும், சறுக்கிக்கொண்டு இறங்குவான், உள்ளங்கைத் தோல் கயிற்றிலேயே ஒட்டிக்கொள்ளும். கயிறு ஏறுவதில் பாதி வேலை காலுக்கு. கயிறு ஒரு பாதத்தின் மேல் வந்து கிடக்க வேண்டும், அடுத்த பாதம் அதை மேலிருந்து மிதித்துப் பூட்ட வேண்டும். அந்தப் பூட்டின் மேல் எழுந்து நின்றால் உடம்பு தானாக மேலே போகும். அப்போது கையை மாற்றிப் பிடி, முழங்காலை வயிற்றுக்கு இழு, மறுபடி பூட்டு. முதல் இரண்டு வாரம் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் ஏறவே வேண்டாம். பூட்டி நிற்பதை மட்டும் பழகுங்கள். இறங்கும்போதும் கை மாற்றி மாற்றி இறங்குங்கள். சறுக்கினால் உள்ளங்கை கிழிந்து ஒரு வாரப் பயிற்சி போய்விடும்.

நீளம் தாண்டுதலா, உயரமா என்பதை மூன்று மாதத்துக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். கால் நீளமாக, மெலிந்த உடம்பாக இருந்தால் உயரம் தாண்டிப் பாருங்கள். மற்றவர்களுக்கு நீளம்தான் பாதுகாப்பு. பெண்களில் கிராமத்தில் கல்லெறிந்து மாங்காய் அடித்து வளர்ந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பந்து எறிதலை எடுக்கலாம்.

எழுத்து 70, கிரவுண்டு 24, சிறப்பு மதிப்பெண் 6. ஆக 100. எழுத்தில் 50 எடுத்தவர் மூன்று போட்டியிலும் இரண்டு ஸ்டார் வாங்கினால் 74. எழுத்தில் 58 வாங்கிவிட்டோம் என்று கிரவுண்டுக்கே பழகாமல் இருந்தவரை அவர் சுலபமாகத் தாண்டிவிடுவார்.

எந்தத் துறை?

விண்ணப்பத்தில் துறை விருப்பத்தை வரிசைப்படுத்தச் சொல்வார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். காவலராகத் தேர்வானதும் நேராக ஊர்க் காவல் நிலையத்தில் போய் உட்கார முடியாது. ஆயுதப்படையிலோ, 'பட்டாலியன்' என்று நாம் சொல்லும் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையிலோதான் பணி தொடங்கும். பந்தோபஸ்து, காவல் பணி, கைதி வழிக்காவல் என்று சில வருடங்கள் போன பிறகுதான் நிலையத்துக்கு மாறுதல் கிடைக்கும். பட்டாலியன் என்றால் ஊரை விட்டு நாள் கணக்கில் வெளியே இருக்க வேண்டி வரும்.

தீயணைப்பாளர் பணியை நிறையப் பேர் கடைசி விருப்பமாகப் போடுகிறார்கள். எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. 1908-ல் சென்னையில் தொடங்கிய துறை அது. இன்றைக்கு 101-க்கு வரும் அழைப்புகளில் தீ மட்டும் இல்லை: கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு, வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட குடும்பம், நசுங்கிய காருக்குள் சிக்கியவர். ஆபத்தும் அதே அளவு உண்டு. 2012 ஜனவரியில் சேப்பாக்கம் எழிலக வளாகத்தில் தீப்பிடித்தபோது ஒரு தீயணைப்பு வீரர் உயிரிழந்தார். கோட்ட அலுவலராக இருந்த பிரியா ரவிச்சந்திரன் கடுமையாகக் காயமடைந்தார். உயரத்தையும் புகையையும் கண்டு உங்கள் மனசு நடுங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நடுங்காது என்றால் இதை முதல் விருப்பமாகப் போட யோசியுங்கள்.

இதுவரை வந்த பொதுத் தேர்வு அறிவிப்புகளில் தீயணைப்பாளர் இடங்கள் ஆண்களுக்கே வந்திருக்கின்றன. பெண்களுக்கு இந்தத் துறையில் அதிகாரி நிலையில் வழி இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 தேர்வில் தீயணைப்பு மாவட்ட அலுவலர் பதவியும் உண்டு. மீனாட்சி விஜயகுமாரும் பிரியா ரவிச்சந்திரனும் 2003-ல் அந்த வழியாக வந்தவர்கள்.

ஐந்தாம் படி: வழக்கு இருந்தால் மறைக்காதீர்கள்

தேர்வானவர்களின் பெயர் வந்ததும் உள்ளூர்க் காவல் நிலையம் மூலம் முன்நடத்தை விசாரணை நடக்கும். திருவிழாவில் கைகலப்பு, கல்லூரிப் போராட்டம், பங்காளித் தகராறு என்று எதிலாவது உங்கள் பெயர் எஃப்.ஐ.ஆரில் இருந்தால், படிவத்தில் கேட்கும் இடத்தில் அப்படியே எழுதுங்கள். விடுதலையாகி இருந்தாலும் எழுதுங்கள். தமிழ்நாட்டு விதிகளின்படி, சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிக்கப்பட்டவரையும் வழக்கில் தொடர்புடையவராகத்தான் பார்ப்பார்கள். 2008-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் இதை உறுதி செய்தது. மறைப்பது அதைவிட மோசம். 2016-ல் உச்ச நீதிமன்றம் அவதார் சிங் வழக்கில், விண்ணப்பதாரர் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்றது. சின்ன வழக்கை மறைத்திருந்தால் அதைப் பொறுத்துக்கொள்வதும் பொறுக்காததும் வேலை தருபவரின் முடிவு. வழக்கு இருக்கிறவர்கள் எஃப்.ஐ.ஆர்., தீர்ப்பு நகல்களை இப்போதே வாங்கி, ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். நண்பர்களோடு சேர்ந்து கும்பலாக எங்கேயும் தகராறுக்குப் போகாதீர்கள் என்று நான் பையன்களிடம் வாரம் ஒரு தடவையாவது சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அப்புறம், புரோக்கர்கள். "மேலிடத்தில் ஆள் இருக்கிறது, மூன்று லட்சம் கொடு" என்று வருகிறவர், பத்துப் பேரிடம் வாங்குவார். அதில் இரண்டு பேர் சொந்த முயற்சியில் தேறினால் அதைத் தன் வேலை என்பார். விடைக்குறிப்பு, மதிப்பெண் எல்லாம் வாரியத்தின் இணையதளத்தில் வெளியாகின்றன. அப்பாவிடம் நிலத்தை அடகு வைக்கச் சொல்லாதீர்கள்.

கடைசியில் மருத்துவப் பரிசோதனை. தட்டைப் பாதம், முட்டி தட்டுதல், நிறக்குருடு, நரம்பு சுருட்டல் போன்றவற்றைப் பார்ப்பார்கள். இதையும் முதல் மாதத்திலேயே அரசு மருத்துவமனையில் காட்டித் தெரிந்துகொள்ளலாம். தட்டைப் பாதத்தைப் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது: காலை நனைத்துச் சிமென்ட் தரையில் மிதியுங்கள். ஈரத் தடத்தின் உள்பக்கம் வளைந்து இடைவெளி இருந்தால் நல்லது. முழுப் பாதமும் அப்படியே பதிந்தால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

எல்லாம் முடிந்து ஆணை கைக்கு வந்தால் பயிற்சி. காவலர்களுக்கு ஏழு மாதம் பயிற்சிப் பள்ளி, அதற்குப் பிறகு ஒரு மாதம் நடைமுறைப் பயிற்சி. தீயணைப்பாளர்களுக்குத் தாம்பரத்தில் மாநிலப் பயிற்சி மையம் இருக்கிறது. கிளம்பும்போது அசல் சான்றிதழ்களோடு நகல்களும், பாஸ்போர்ட் அளவு படங்களும், கால் பழகிய ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூவும் எடுத்துக்கொள்ளுங்கள். புது ஷூவோடு போனால் முதல் நாள் பரேடிலேயே குதிகாலில் கொப்புளம் வந்துவிடும்.